பென்சிலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாலை டியூஷன் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

மாலை ஐந்தரைக்கு மேல் அம்பத்தூர் ஓ.டி., கள்ளிக்குப்பம், அண்ணனூர், பட்டாபிராம், பூந்தமல்லி என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே பாய் விரித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘அ’ எழுதிக் கொடுத்துக்கொண்டே பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வும் வைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களில் பலர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்கோ குரூப் தேர்வுக்கோ படிப்பவர்கள். சிலர் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்து, அந்தப் பழக்கத்தில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறவர்கள். தாய் தகப்பன் இருவருமே வேலைக்குப் போகிற வீடுகளில், பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பது உங்களிடம் வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும்தான். அதனால்தான் பள்ளிக்கூடங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். விடையைப் புத்தகத்தில் குறித்துக் கொடுக்காதீர்கள்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு உடனே தெரியும். பாடம் நடத்தி முடித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் புத்தகத்தை நீட்டுவார்கள். “மிஸ், ஆன்சர் மார்க் பண்ணிக் குடுங்க.” நீங்கள் பென்சிலை எடுத்து ஒரு வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறி போடுவீர்கள், நாலு வரி தள்ளி இன்னொன்று, ஓரத்தில் ‘2’ என்று எண். இரண்டாம் கேள்விக்கு விடை அது. பிள்ளை அதை நோட்டில் எழுதும், மனப்பாடம் செய்யும், தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கும். ஆனால் கேள்வியைப் படித்து, பாடத்துக்குள் திரும்பிப் போய், எந்த வரி இதற்குப் பதில் சொல்கிறது என்று தேடி, ‘இதுதான்’ என்று முடிவு செய்கிற வேலையைப் பிள்ளை செய்யவில்லை, நீங்கள் செய்துவிட்டீர்கள். வாசிப்பில் பெரும்பகுதி அந்த வேலைதான். பத்து வருடம் பள்ளிக்குப் போய், அந்த வேலையை ஒருமுறைகூடத் தானாகச் செய்யாமலேயே ஒரு பிள்ளை பொதுத்தேர்வு எழுதிவிட முடிகிறது.

இதன் விளைவு நம் மாநிலத்துக்கு ஒருமுறை எண்ணிலேயே காட்டப்பட்டது. ஓ.இ.சி.டி. அமைப்பு உலகெங்கும் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வில், 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. பங்கேற்ற 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில், வாசிப்பில் நாம் கடைசி மூன்று இடங்களுக்குள் இருந்தோம். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 493 புள்ளி, நமக்கு 337. அன்றாட வாழ்க்கைக்குத் தேவை என்று அவர்கள் வகுத்த அடிப்படை வாசிப்பு நிலையை எட்டியவர்கள் அந்த நாடுகளில் 81 சதவீதம், தமிழ்நாட்டில் 17 சதவீதம். அந்த நிலை ஒன்றும் பெரிய புலமை இல்லை. பத்தியில் ஒரு தகவலைத் தேடி எடுப்பது, முக்கியமான கருத்து எது என்று சொல்வது, நேரடியாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னதிலிருந்து ஊகிப்பது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று அப்போது பேசப்பட்டது. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா சேரவே இல்லை. பழக்கமில்லை என்பது உண்மைதான். ஆனால் எதில் பழக்கமில்லை என்று பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சுற்றில் கேட்டுப் பிறகு வெளியிட்ட ஒரு வினாவைச் சொல்கிறேன். சுவரில் படம் கிறுக்குவதைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதிய கடிதங்கள் தரப்பட்டிருக்கும். ஒருத்திக்குக் கோபம்: பள்ளிக்கூடச் சுவரை நாலாவது தடவையாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னொருத்தி கேட்கிறாள்: விளம்பரப் பலகை வைத்தவர்கள் மட்டும் உங்களிடம் அனுமதி கேட்டார்களா? எந்தக் கடிதத்தோடு உடன்படுகிறாய், கடிதத்தில் சொன்னதைச் சுட்டி உன் சொற்களில் விளக்கு என்பது வினா. யார் பக்கம் நின்றாலும் மதிப்பெண் உண்டு. கடிதத்தைத் தொடாமல் “சுவரில் கிறுக்குவது தவறு” என்று மட்டும் எழுதினால் இல்லை. சி.டி.எச். ரோட்டின் இருபுறமும் சுவர் விளம்பரம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பொருள் அந்நியமா? பொருள் புரிந்துவிடும். ‘எங்கே சொல்லியிருக்கிறது, காட்டு’ என்று கேட்பதுதான் புதிது. அதை யாரும் அவனிடம் கேட்டதே இல்லை.

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம். அதற்குத் தனிப் புத்தகம் வேண்டாம், பயிற்சி வகுப்பு வேண்டாம். ஐந்தாறு வரியில் ஒரு பத்தி போதும். நான் எழுதி வைத்திருப்பதில் ஒன்று இது:

‘இரண்டாம் ஷிப்ட் முடிந்து முருகேசன் தெருவுக்குள் வந்தபோது நாய்கள்கூடத் தூங்கிப்போயிருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கதவை மெல்லத் தள்ளினார். அடுப்படியில் சோற்றுத்தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் கவிதாவின் ரேங்க் கார்டு விரித்து வைத்திருந்தது. அதன்மேல் மூடி கழற்றிய பேனா.’

மூன்று கேள்விகள். முருகேசன் எந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தார்? செருப்பை ஏன் கையில் எடுத்துக்கொண்டார்? கவிதா அப்பாவிடம் என்ன எதிர்பார்க்கிறாள்?

குறித்துக் கொடுத்தே பழகிய பிள்ளை முதல் கேள்விக்கு ‘மணி’ என்ற சொல்லைத் தேடும். கிடைக்காது. “மிஸ், டைம் போடல” என்று சொல்லும். அதைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். பத்தியில் என்ன இல்லை என்பதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறது, அது நல்ல வாசிப்பு. அடுத்து, “டைம் போடலன்னாலும் தெரிஞ்சுக்க ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். நாய் தூங்கியதை ஒருவன் காட்டுவான். இரண்டாம் ஷிப்ட் எப்போது முடியும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்பவரின் மகள் சொல்வாள். நம்மைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாம் கேள்வியில்தான் வகுப்பு சூடு பிடிக்கும். “செருப்பு அறுந்துபோச்சு” என்பான் ஒருவன். “சத்தம் கேக்கக் கூடாதுன்னு” என்பாள் இன்னொருத்தி. யாருக்கும் சரி, தப்பு சொல்ல வேண்டாம். இருவரிடமும் ஒரே கேள்வி: எந்த வரி? அறுந்துபோனது என்றவன் பத்திக்குள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வருவான். செருப்பு அறுந்திருக்கவே முடியாது என்பதில்லை, ஆனால் அதைச் சொல்லும் வரி ஒன்றும் இல்லை. அவள் ‘மெல்ல’ என்ற சொல்லில் விரலை வைப்பாள். அப்போது மூன்றாவதாக ஒருவன், “வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும் மிஸ், எங்க வீட்ல அப்படித்தான்” என்று சொன்னால் நீங்கள் அவசரப்படக் கூடாது. அவன் வெறும் ஊகம் சொல்லவில்லை; பத்தியில் நாய் இருக்கிறது. அவனையே மறுபடி படிக்கச் சொல்லுங்கள். நாய் தூங்கிக்கொண்டிருக்கிறது. கதவை மெல்லத் தள்ளியதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. ஆதாரம் இருந்தும் அது பலவீனமாக இருக்கலாம், ஒரு விடைக்கு இரண்டு வரி துணை நிற்பதும் இன்னொன்றுக்கு அரை வரி மட்டும் நிற்பதும் உண்டு என்று அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லித் தெரிவது வேறு, இப்படித் தெரிவது வேறு.

மூன்றாம் கேள்விக்கு விடை ‘கையெழுத்து’. அந்தச் சொல் பத்தியில் இல்லை. பார்த்து எழுத வழியே இல்லாத கேள்வி. பேனாவைக் காட்டினால் போதுமா என்றால் போதாது. “பேனா இருந்தது” என்று நிறுத்துகிற பிள்ளையிடம், “இருந்தா என்ன?” என்று கேட்க வேண்டும். ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், அதன்மேல் எழுதத் தயாராகப் பேனா, ஆகவே கையெழுத்துக் கேட்கிறாள் என்று அது கோத்துச் சொல்ல வேண்டும். வரியைக் காட்டத் தெரிந்த பிள்ளைகளும் இந்த ‘ஆகவே’யில் தடுமாறுவார்கள். பொறுமையாக இருங்கள், அதிக நேரம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

“அவ நல்ல மார்க் எடுத்திருக்கா மிஸ், அதான் விரிச்சு வச்சிருக்கா” என்று யாராவது சொல்வார்கள். “இல்ல, கம்மி மார்க், நேர்ல காட்ட பயம்” என்று மறுப்பு வரும். இருவரையும் வரி தேடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இல்லை. ‘பத்தியிலிருந்து சொல்ல முடியாது’ என்பதும் ஒரு முழு விடை என்று அங்கே கற்றுக்கொடுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிப் பக்கத்தை நிரப்பினால் அரை மதிப்பெண்ணாவது வரும் என்று நம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கம் போக நாளாகும்.

எழுத்துக்குக் கொண்டுவருவது அடுத்த படி. வாயால் சொல்லும்போது பிள்ளைகள் இயல்பாகவே, “ஏன்னா, மெல்லன்னு போட்டிருக்கு” என்கிறார்கள். அதை அப்படியே எழுத்துத் தமிழுக்கு ஏற்றினால் போதும்: ‘கதவை மெல்லத் தள்ளினார் என்று பத்தியில் உள்ளது. இதிலிருந்து, வீட்டில் உள்ளவர்களை எழுப்பிவிடக் கூடாது என்று அவர் நினைத்தது தெரிகிறது.’ முதல் வாக்கியம் பத்தியினுடையது, இரண்டாவது பிள்ளையினுடையது. பத்தி முழுவதையும் பெயர்த்து எழுதிவிட்டு ஆதாரம் என்று காட்டும் பிள்ளைக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ஒரு வரிக்கு மேல் எடுக்கக் கூடாது. எந்தச் சொல் தேவை, எது தேவையில்லை என்று அப்போதுதான் யோசிக்கும்.

இது வெளிநாட்டுத் தேர்வுக்காகக் கடன் வாங்கிய முறை என்று யாராவது சொன்னால், நன்னூலைப் பார்க்கச் சொல்லுங்கள். காண்டிகையுரைக்குப் பவணந்தியார் சொன்ன உறுப்புகள் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. வினாவும் விடையும் எடுத்துக்காட்டோடு சேர்ந்தேதான் வருகின்றன. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. அவர்கள் ஒருவரோடு ஒருவர் மாறுபட்டவர்கள். பரிமேலழகர் பிறர் கொண்ட பொருளை எடுத்துச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி மறுக்கும் இடங்கள் பல. அந்த உரைகளைப் பாடமாகப் படித்துவிட்டு, அந்த வழக்கத்தை மட்டும் வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டோம்.

பத்தாம் வகுப்புக்குப் பத்தி எழுத வேண்டிய அவசியமே இல்லை. 2019-இல் வந்த தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்கள் பகுதி இருக்கிறது. அன்னமய்யா என்ற பெயருக்கும் அவர் செயலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கதைப்பகுதியைக் கொண்டு விவரிக்கச் சொல்கிறது அதற்கான வினா. கதைப்பகுதியைக் கொண்டு! வினாவே ஆதாரம் கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வழிகாட்டி நூலில் இருக்கும் முன்னுரை, விருந்தோம்பலின் சிறப்பு, முடிவுரை என்ற கட்டுரையை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அன்னமய்யா களைத்துக் கிடந்தவனைக் கண்ட இடம், நீச்சுத்தண்ணீர் கொடுத்த இடம், கம்மஞ்சோறு பகிர்ந்த இடம் எதுவும் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. அந்தக் கதையை அவன் படிக்காமலேயே அதற்கு முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறில்லை, ஏனென்றால் அது படிக்கப் படிக்க வயிறு நிறைகிற கதை. மூன்று இடங்களைக் கோடிட்டு வா என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கட்டுரை தானாக வரும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பாயில் உட்காரும் எல்லோருக்கும் வீட்டுமொழி தமிழ் இல்லை. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளுக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளின் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்களும் தமிழை முதல் பாடமாகப் படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தமிழில் நாலு வாக்கியம் கோத்துச் சொல்ல வராது. அதனால் வாசிக்கவும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல நேரம் சரியான வரியில் விரல் வந்து நிற்கும். அதை விடையாக ஏற்றுக்கொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் கொடுங்கள். நாலு மாதத்தில் அதுவே சொல்லும்.

பத்தியின் வாக்கியங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுப்பது இவர்களுக்கும் உதவும், பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் உதவும். பூந்தமல்லியில் அவர்களுக்கென்று அரசு மேல்நிலைப் பள்ளியே இருக்கிறது. விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளை உங்களிடமும் வரலாம். தேர்வில் ஒருவர் வாசிக்கக் கேட்டு விடை சொல்ல வேண்டிய பிள்ளைக்கு, “நாலாவது வாக்கியத்தை மறுபடி படிங்க” என்று கேட்கத் தெரிவது பெரிய பலம்.

சின்னவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைத்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது நினைவிருக்கும். எழுத்துக்கூட்டவே திணறும் அரும்பு நிலைப் பிள்ளையிடம் ‘எந்த வரி’ என்று கேட்பது கொடுமை. அதற்கு நீங்கள் கதையை வாசித்துக் காட்டுங்கள். “நரி பயந்துச்சுன்னு எப்படித் தெரியும்?” என்று வாயால் கேளுங்கள். எழுத்து வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி பழகிவிடட்டும்.

பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “எத்தனை பாடம் முடிச்சீங்க?” என்று கேட்பார்கள். நோட்டில் விடை நிறைந்திருந்தால்தான் மாதக் கட்டணத்துக்கு மனசு வரும். புக்-பேக் கேள்விகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வு அவற்றை நம்பி நிற்கிறவரை உங்களால் விட முடியாது. நாளைக்கு ஒரு கேள்வியை மட்டும் குறிக்காமல் விடுங்கள். பென்சிலை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணிக்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கம் கேட்கும் பெற்றோரிடம் மின்தடை அறிவிப்பை எடுத்துக் காட்டுங்கள். காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்சாரம் இருக்காது, பணி முன்னதாக முடிந்தால் உடனே விநியோகம் தரப்படும் என்று வழக்கமாகப் போடுவார்களே, அதுதான். ஒரு மணிக்கே மின்சாரம் வந்துவிட்டால் அறிவிப்பு பொய்யா என்று அவர்கள் முன்னாலேயே பிள்ளையிடம் கேளுங்கள். கடைசி வரியைக் காட்டி இல்லை என்று சொல்லும் பிள்ளை, நாளைக்கு அப்பாவின் கடன் பத்திரத்தில் தவணை தவறினால் என்ன என்று எழுதியிருக்கும் வரியையும் காட்டும். ஒப்பந்த வேலைக் கடிதத்தில் பி.எஃப். பிடித்தம் உண்டா இல்லையா என்று தேடிச் சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அம்மா நம்பும்போது, “எங்கம்மா போட்டிருக்கு?” என்று கேட்கும். இப்போது பிள்ளைகள் கேள்வியைப் படம் பிடித்துப் போனிலேயே விடை வாங்கிவிடுகிறார்கள். தடுத்துப் பயனில்லை. அந்த விடையையும் பாடத்தோடு வைத்து, எந்த வரி என்று கேளுங்கள். வரி கிடைக்காத விடைகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கவிதாவின் பத்தியைப் போல இன்னும் சில எழுதி வைத்திருக்கிறேன். ரயிலடி, ரேஷன் கடை, மழைநாளில் தண்ணீர் நிற்கும் தெரு என்று நம் பிள்ளைகள் பார்த்த இடங்களாகவே இருக்கும். இந்தப் பத்தியை யாரும் படி எடுத்துக்கொள்ளலாம், மாற்றி எழுதலாம், உங்கள் தெருவின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நீங்களும் எழுதிப் பக்கத்துத் தெரு டியூஷனுக்குக் கொடுங்கள். நாம் நினைத்துப் பார்க்காத ஒரு விடையை ஏதாவது பிள்ளை சொல்லி, அதற்கு வரியும் காட்டினால், அந்த விடையைப் பத்தியின் கீழேயே எழுதி அடுத்தவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருமுல்லைவாயல்

பி.கு.: ஏற்கெனவே குறித்துவைத்த பழைய புத்தகங்கள் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்திருக்கும். அடைப்புக்குறிகளை அழிக்கச் சொல்ல வேண்டாம். ‘இந்தக் குறி சரியான இடத்தில்தான் இருக்கிறதா?’ என்று சோதிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் இருக்காது.